முதுமையினும் விடாத மான்வேட்டை

மக்கட்பிறப்பின் அருமையை எடுத்துரையாத சைவநூல் இல்லை. எண்ணிறந்த பிறவிகளில் உழன்ற உயிர், இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தித் திருவருட்பதிவிற்கு உரியதாகும் வாய்ப்பினை இப்பிறப்பிலேயே பெறுகின்றது. இப்பிறப்பினுள்ளும் முதுமை ஒரு தனிப்பேறு. இளமையிற் செய்தவற்றை எண்ணுதற்கும், இரங்குதற்கும், விடவேண்டியவற்றை விடுதற்கும், இறைவன் திருவடியை இடையறாது நினைதற்கும் அளிக்கப்பட்ட காலம் அது. அத்தகைய காலத்திலே, கண் மங்கியும் கை நடுங்கியும், துப்பாக்கியைத் தோளிற் சாத்திக்கொண்டு மானின் அடிச்சுவடு தேடிச் செல்வதனை வீரமென்றும், வாழ்நாள் முழுதும் ஆடிய வேட்டையை இறுதிவரை விடாமையே உறுதியென்றும் கொண்டாடும் கொள்கை ஒன்று உலகில் உலவுகின்றது. வட அமெரிக்க நாடுகளில் எண்பதாண்டு கடந்த கிழவரும் இலையுதிர் பருவந்தோறும் உரிமம் பெற்று மான் சுடச் செல்லுதல் வழக்கமாக உள்ளது. தமிழ்நாட்டிலோ சட்டம் தடுத்திருப்பதனால், செயல் மறைந்தும் பேச்சு மறையாதும் இருக்கின்றது. முன்னாளிற் சுட்ட மான்களை எண்ணிச் சொல்லிப் பேரப்பிள்ளைகளை மகிழ்விக்கும் திண்ணைகள் இன்னும் ஒழிந்தில.

இதனை ஓர் உலகியற் பழக்கமென்று விட்டுவிடலாம், அதற்குச் சைவத்தையே அரணாக்காதிருப்பின். கண்ணப்பர் வேடரல்லரோ, சிவபெருமானே வேட்டுவத் திருக்கோலம் கொண்டிலனோ, கொல்லாமை சமணர் கொள்கையன்றோ என்றிவ்வாறு அவர் கூறத் தொடங்குதலால், அக்கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் கடனாகின்றது.

இவ்வாராய்ச்சிக்குக் கீரனூரைச் சூழ்ந்த நிலப்பகுதி மிகவும் இயைபுடையது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் வட்டத்தில், உத்தமநாதர் திருக்கோயில் கொண்டு விளங்குவது கீரனூர். அதன் தெற்கே விசயாலய சோழீச்சரம் நிற்கும் நார்த்தாமலை. மேற்புறத்தே இடங்கழி நாயனார் அரசிருந்த கொடும்பாளூர். அதற்கு அப்பால் முருகப்பெருமானும் மயில்களும் வாழும் விராலிமலை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதற்கு முன்னர்த் தொண்டைமான்கள் ஆட்சியில் இந்நாட்டுக் காடுகளிற் சில அரசர் வேட்டைக்கென்றே காக்கப்பட்டன. ஆகவே, ஒருபால் அடியார் மரபும் மற்றொருபால் வேட்டை மரபும் அருகருகே வளர்ந்த நிலம் இது. இவற்றுள் எது சைவர்க்கு உரியது என்பதே வினா.

முதலாவது கூற்று, கண்ணப்ப நாயனாரைச் சான்றாகக் காட்டுவது. இதனைக் காட்டுவோர் பெரியபுராணத்தை முழுதும் ஓதினாரல்லர் என்பது தெளிவு. திண்ணனார் வில்லேந்திக் கன்னிவேட்டைக்குச் சென்றது பதினாறாண்டு இளமையில். அவ்வேட்டையிலே ஓடிய பன்றியைத் தொடர்ந்த கால்கள் திருக்காளத்தி மலையடியில் நின்றன. அம்மலையில் இறைவனைக் கண்ட அளவிலே வேடர்குலத் தலைமையும், தந்தையும், தாயும், ஊரும் அவர் உள்ளத்தினின்றும் நீங்கின. அதன்பின் அவர் விலங்கு கொன்றது உண்மையே; ஆயின் அஃது எம்பெருமான் பசித்திருப்பானே என்னும் பதைப்பினாற் செய்ததன்றித் தமக்கு இன்பம் தேடிச் செய்ததன்று. ஆறாம் நாளிலே தம் கண்ணையே இடந்து அப்பினார். சேக்கிழார் பெருமான் பாடியது அவ்வன்பினையே, அம்பினையன்று. கண்ணப்பரைத் தமக்கு முன்னோராகச் சொல்லும் வேட்டைக்காரர், அவர் வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணை ஏன் விட்டனர் என்று வினாவப்படின், விடை யாது?

இன்னும் ஒன்று. திண்ணனார்க்கு வேடர்தலைமை வந்தது எவ்வாறு? அவர் தந்தையாகிய நாகன், தான் மூப்படைந்தமையாலும் முன்போல வேட்டையிற் புக இயலாமையாலும், அப்பொறுப்பினைத் துறந்தான். சைவம் அறியாத காட்டு வேடனும் முதுமை வந்தவழி வில்லை இறக்கி வைத்தான் என்று புராணம் கூறாநிற்க, திருநீறு பூசிய முதியவர் அதனை இறக்கேன் என்பது எந்த நூல்வழக்கு? அன்றியும், அவ்வேடர்கள் யானைக்கன்றினைத் தொடராமையையும், சிறுகுட்டிகளைக் கொல்லாமையையும், சூலுற்ற பிணைமானை வருத்தாமையையும் சேக்கிழார் குறித்துப் பாடியுள்ளார். இரவிலே விளக்கொளி பாய்ச்சி, கண்கூசித் திகைத்து நிற்கும் மானை ஆணென்றும் பெண்ணென்றும் சூலுடையதென்றும் அறியாது சுடுகின்றவர், வேட்டுவ அறத்தினும் இழிந்தவராதல் ஓர்க.

அதிபத்த நாயனாரும் உயிர்க்கொலைத் தொழிலினரன்றோ என்பாரும் உளர். நாகப்பட்டினத்துப் பரதவராகிய அவர், குலத்தொழிலிலே நின்றவாறே, வலையிற்பட்ட முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டவர். வறுமை வந்து நாளொன்றுக்கு ஒரு மீனே அகப்பட்ட காலத்தும் அதனை விட்டவர். விட்டதனாற் பெருமை பெற்றவரை, பிடித்ததனாற் பெருமை பெற்றவர்போலக் காட்டுதல் நேர்மையன்று.

இரண்டாவது கூற்று, இறைவனே வேட்டுவனாக வந்தான் என்பதும், கோயில்களிற் பாரிவேட்டை நிகழ்கின்றது என்பதும் ஆம். அருச்சுனன் பொருட்டு வேடனாய் வந்த பெருமான் எய்தது, தவஞ்செய்வோனைக் கொல்ல வந்த பன்றியுருவ அசுரனை. அது காத்தற்றொழில். அப்பெருமானது நிலைத்த திருக்கோலம் யாது? திருக்கரத்தில் மானேந்திய கோலம். தாருகாவனத்து முனிவர் வேள்வியினின்றும் ஏவிய புலியை உரித்தான், பாம்பினை அணிந்தான், மானை மட்டும் கையில் ஏந்தினான். தன்னைக் கொல்ல ஏவப்பட்ட மானுக்கும் அபயம் அளித்தவன் முன்னர், தன்னைக் கண்டு அஞ்சியோடும் மானைக் கொன்றவன் எம்முகங்கொண்டு நின்று கைகூப்புவான்? வள்ளியம்மையாரும் மான் வயிற்றில் தோன்றியவர் என்பது கந்தபுராணம். அக்குழந்தையை எடுத்து வளர்த்தவன் வேடர்கோனாகிய நம்பி. விராலிமலைப் படியேறி வள்ளி மணாளனை வணங்குவோர், அம்மையின் தாயினத்தை வணங்காவிடினும் வதையாதிருத்தல் வேண்டாவோ?

மதுரைத் திருவிளையாடல்களுள் ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. பாண்டியன் வேட்டையிலே தாயும் தந்தையுமாகிய பன்றிகள் மாய்ந்தபோது, பசியால் வருந்திய குட்டிகளுக்குத் தாய்ப்பன்றியின் வடிவுகொண்டு எழுந்தருளிப் பாலூட்டினான் ஆலவாயான். அரசன் அம்பினால் விளைந்த துயரைத் துடைக்க இறைவன் பன்றியும் ஆனான். இக்கதையிலே இறைவன் வேட்டைக்காரன் பக்கத்தில் நின்றானா, வேட்டையாடப்பட்டதன் பக்கத்தில் நின்றானா என்பதற்கு உரை வேண்டா.

இனிக் கோயிற் பாரிவேட்டை. விசயதசமியன்று சுவாமி குதிரையூர்தியில் எழுந்தருள, அருச்சகர் அம்பினை எய்வது வன்னிமரத்தில். அவ்வம்பு எந்த உயிரின் மார்பிலும் தைப்பதில்லை. ஆசாரியர்கள் அரசர்தம் வேட்டையைக் கோயிற்குள் கொண்டுவந்தபோது, அதன் நஞ்சினைப் பிழிந்து எறிந்து, பாவனையை மட்டும் கொண்டனர். அப்பாவனையைக் காட்டிக் கொலையை நாட்டுதல், நாடகத்தில் வாள்வீச்சினைக் கண்டு தெருவில் ஆளை வெட்டுதல் போலாம்.

மூன்றாவது கூற்று, கொல்லாமை சமணர்க்கே உரியதென்பது. சித்தன்னவாசல் அருகிருத்தலால் இந்நாட்டார் இதனை எளிதிற் சொல்வர். சமணர் கொல்லாமையைப் போற்றினர் என்பதில் ஐயமில்லை. அதனால் அது சைவர்க்கு விலக்காயிற்று என்பது எவ்வாறு? திருமூல நாயனார் தம் திருமந்திரத்து முதல் தந்திரத்திலேயே புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனியே வகுத்தோதினார். பூசைக்குரிய மலர்களுள் கொல்லாமையை ஒண்மலர் என்று சிறப்பித்தவரும் அவரே. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், உயிர்கட்கு இதம் செய்தல் நல்வினை, அகிதம் செய்தல் தீவினை என்று வினையிலக்கணம் கூறினார். மக்களுயிர்க்கு என்று சுருக்கினாரல்லர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் கொலையையும் ஊனுண்டலையும் பாவங்களுள் வைத்துச் சைவச் சிறுவர்க்குக் கற்பித்தார். வடலூர் இராமலிங்க அடிகள் ஜீவகாருணியத்தையே வீட்டின் திறவுகோலாக உரைத்தார். இவ்விருவரும் பாடல்களைப் பற்றிய பெருவழக்கிலே எதிரெதிர் நின்றவர். எனினும் கொல்லாமையில் இருவர்க்கும் வேற்றுமையில்லை. தமிழ்நாட்டில் எந்த உணவுச்சாலையிலும் ஊனில்லா உணவிற்குச் சைவம் என்பதே பெயர். உலகத்தார் நாவினால் சமயத்திற்கு இட்ட இப்பெயரை, அச்சமயத்தாரே அழித்தல் தகுமோ?

நான்காவது கூற்று சமயம் விட்டு உலகியலிற் புகுகின்றது. மான்கள் பெருகின் பயிர் அழியும், ஆதலின் வேட்டை ஒரு தொண்டு என்பர். மேனாடுகளில் ஓநாய் முதலியவற்றை முன்னர்க் கொன்றொழித்தவர் மனிதரே. ஊனுண்ணும் விலங்குகள் ஒழிந்தபின் மான் பெருகியது. பெருகியதைக் காட்டி மீண்டும் துப்பாக்கி எடுத்தனர். காவலனைக் கொன்றவன், காவலின்மையைக் காரணங்காட்டித் தனக்கே காவற்பதவி கேட்பது போன்றது இது. இந்தியாவிலோ நிகழ்ந்தது வேறு. வெளிமானைப் பிடிக்கப் பழக்கப்பட்ட சிவிங்கிப்புலி இந்நாட்டினின்றும் மறைந்தே போயிற்று. 1947ஆம் ஆண்டில் கோரியா சமஸ்தானத்து மன்னர் மூன்றினைச் சுட்டதே கடைசியாக அறியப்பட்ட நிகழ்ச்சி. 1952இல் அவ்வினம் நாட்டில் அற்றதென அறிவிக்கப்பட்டது. முன்னர்ப் பரந்த வெளிகளில் மேய்ந்த வெளிமானைக் காணத் தமிழ்நாட்டில் இன்று கோடிக்கரை, வல்லநாடு முதலிய சில இடங்களையே நாடவேண்டும். கோடிக்கரைச் சரணாலயம் 1967இலும், வல்லநாட்டுச் சரணாலயம் 1987இலும் ஏற்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்றாடும் வேட்டையையும் ஒழித்தது. பயிர்க்கேடு உண்டாயின் அதற்கு முறையிடும் இடமும் வழியும் உண்டு. பயிர் காப்பவன் வேலியைப் பற்றிப் பேசுவான்; சுவரில் மாட்டிய கொம்பின் கிளைகளை எண்ணிக் காட்டான்.

பசியினால் வேட்டையாடும் வறியாரை நோக்கி இவ்வுரை எழவில்லை. அவர்க்கு வேறு வாழ்வு காட்டுதல் நாட்டின் கடன். வயிறு நிறைந்தவர், பொழுது போக்கின் பொருட்டு, பிறிதோர் உயிரின் பொழுதினை முடிப்பதே இங்குக் கடியப்படுவது.

ஐந்தாவது கூற்றே சற்று இரங்கத்தக்கது. இளமை தொட்டுப் பழகிய காடு. தந்தை கற்பித்த தொழில். உடனாடிய நண்பர் இறந்தனர். இவ்வின்பம் ஒன்றே எஞ்சியது. இதனையும் விடுக என்றால் முதியவர்க்கு என்ன மிஞ்சும் என்பர். காட்டின்மேல் வைத்த அன்பு குற்றமன்று. வைகறையில் எழுதலும், காற்றின் திசையறிதலும், ஓசையின்றி நடத்தலும், நெடும்பொழுது அசைவற்றிருத்தலும் யோகியர்க்கும் பயன்படும் குணங்களே. அவ்வளவும் பயின்றபின், கடைசியில் விரல் ஒன்றினை அசையாது நிறுத்துதல் இயலாதென்பதுதான் வியப்பு. வேட்டையில் மூத்துக் கைவிட்டவரும் உலகில் உளர். குமாவோன் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்று புகழ்பெற்ற ஜிம் கார்பெட், பிற்காலத்தில் விளையாட்டு வேட்டையை வெறுத்துப் படக்கருவியை ஏந்தினார். புறச்சமயத்து அசோகனும், அரண்மனை அடுக்களையில் நாடோறும் கொன்ற உயிர்களைக் குறைத்து, மயில் இரண்டும் மான் ஒன்றும் ஆக்கி, அவையும் இனிக் கொல்லப்படா என்று கல்லில் வெட்டுவித்தான். வேட்டைச் செலவினை அறச்செலவாக மாற்றினான். குறிபார்க்கும் திறமைதான் விருப்பமெனின், அதற்கும் கொலை வேண்டா. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருதிவிராஜ், பறக்கும் மண்தட்டுக்களைச் சுட்டு, 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் குழுவினரோடு பொற்பதக்கம் பெற்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். வேட்டைக்காடு காத்த மரபே இத்திறமைக்கு வேறு இலக்குக் கண்டமை கருதத்தக்கது.

இனிச் சித்தாந்தத் துணிபு. மானும் பசு, சுடுகின்றவனும் பசு. இருவரையும் பிணித்தது ஒரே மூலமலம். வினைக்கீடாக ஒன்று நாற்கால் உடம்பும் மற்றொன்று இருகால் உடம்பும் எடுத்தன; உடம்பின் வேறுபாடு உயிரின் உரிமையை மாற்றாது. மானுடம்பில் நின்று தன் வினையை நுகர்ந்து கழிக்கும் உயிரை இடைமுறித்து வெளியேற்றுதல், இறைவன் அமைத்த சிறைக்குள் புகுந்து அவன் ஆணையின்றித் தண்டம் செய்தலாம். அதனால் வரும் ஆகாமியம், இளமையிற் செய்தார்க்குக் கழுவுதற்குக் காலமேனும் உண்டு. எழுபதினும் எண்பதினும் செய்தவர், எந்த ஆண்டில் அதனைக் கழுவ எண்ணியுள்ளார்? பிராரத்தம் முடியும் தறுவாயில் புதிய கடன் வாங்குவோனை உலகம் அறிவுடையோன் என்னாது.

இறுதிநினைவும் எண்ணத்தக்கது. பரதர் என்னும் அரசர் துறவுபூண்டு காட்டிலிருந்தபோது, தாயிழந்த மான்கன்று ஒன்றினை அன்பால் வளர்த்து, அதனையே நினைந்து உயிர்நீத்தமையால் மானாய்ப் பிறந்தார் என்பது புராணம். அருளினால் மானைப் பற்றியவர்க்கே அது நேர்ந்ததாயின், கொலைவேட்கையால் நாளும் மானையே நினைந்து முதிர்ந்த உள்ளம் எங்குச் சென்று சேரும்? வானப்பிரத்தம் என்று ஆன்றோர் வகுத்ததும் காடுசேர்தலே. முனிவர் குடிலருகே மான் அஞ்சாது படுத்திருக்கும்; கிழவேட்டைக்காரர் காலடி கேட்டால் அது பதறியோடும். ஒரே காடு, ஒரே முதுமை, மானின் கண்ணே இருவரையும் வேறுபிரித்துக் காட்டுகின்றது.

ஆதலின், செய்யத்தக்கது அரிதன்று. கோடையில் நீர்தேடி ஊர்ப்புறம் வரும் மான்கள் நாய்களாற் கடியுண்டும் சாலையில் ஊர்திகளால் அடியுண்டும் மாய்கின்றன. அவை எவ்வழி வரும், எப்பொழுது வரும், எத்துறையில் நீருண்ணும் என்பதனை முதிய வேட்டைக்காரரினும் நன்கறிந்தவர் இலர். அவ்வறிவினைக் காவலுக்குத் தருக. வற்றிய குட்டையில் நீர்விடச் செய்க. பேரப்பிள்ளைகட்குச் சுட்ட கதையை விடுத்து விட்ட கதையைச் சொல்லுக. அவ்வாறு செய்தபின், உத்தமநாதர் சந்நிதியில் நிற்கும்போது, இறைவன் கையிலிருக்கும் மானை அவர் நிமிர்ந்து நோக்கலாம். அதுகாறும் அம்மானின் பார்வைக்கு அவர் தலைகுனிந்தே நிற்றல் வேண்டும்.

சிவநெறி ஓங்குக.