பிறந்த நாளும் புகைப்படமும்

சென்ற திங்கள் நமது பிறந்த நாள். அன்னை மறைந்தபின் வந்த முதல் பிறந்த நாள். விடியலில் தொலைபேசியில் முதலில் வாழ்த்தும் அக்குரல் இல்லை. அறையில் இருப்புக்கொள்ளாது, காமிராவுடன் மயிலைக்குப் புறப்பட்டோம்.

1516இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய லஸ் கோயில், 1896இல் புதிதாய்க் கட்டப்பெற்ற சாந்தோம் பேராலயம், அடையாற்று முகத்துவாரத்தில் இடிந்து நிற்கும் பாலம் ஆகிய யாவற்றையும் படமெடுத்தோம்.

பாலத்தருகே ஓர் இளைஞர் தம் தாயைப் படமெடுக்க முயன்றார். “எனக்கு எதுக்குப்பா படம்?” என நாணினார் அம்மூதாட்டி. நம் அன்னையும் அவ்வாறே சொல்வார். பிறகு எடுத்துக்கொள்ளலாமென நாமும் விட்டுவிட்டோம்.

ஐந்நூறு ஆண்டு கண்ட கோயில் நாளையும் நிற்கும். பெற்றவளோ நமக்காகக் காத்திருப்பதில்லை. உங்கள் அடுத்த பிறந்த நாளில், முதற்படம் அவருடையதாக இருக்கட்டும்.