கொம்யூன் கணினிகளுக்குக் கணக்கு வேண்டும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்ட நிலையில், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் தம்மிடமுள்ள ஒவ்வொரு கணினியையும் உடனே கணக்கெடுக்க வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவையும் வீட்டு வரியையும் கையாளும் அலுவலகங்கள் இவை. எந்த மேசையில் எந்தக் கணினி, வாங்கிய ஆண்டு எது, பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் எதை மாற்றுவது, எதைப் புதுப்பிப்பது? நிலைச் சொத்துகளை ஆண்டுக்கொரு முறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கிறது, 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளின் 213-ஆவது விதி. இருப்புப் பதிவேட்டில் ஒப்பமிடுவதால் மட்டும் அது நிறைவேறாது. தொடர் எண்ணைப் பொருளோடு வைத்து ஒப்பிட வேண்டும். செலவைக் காரணம் காட்டுவதை ஏற்பதற்கில்லை. ஒரு கணக்குத்தாளும் ஒவ்வொரு கருவியிலும் ஓர் ஒட்டுச்சீட்டும் போதும். கழிக்கப்படும் கணினியின் ஹார்டு டிஸ்க்கை முற்றாக அழித்த பின்னரே, 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மக்களின் விவரங்களைச் சுமந்தபடி அது பழைய இரும்புக் கடைக்குப் போகவே கூடாது. 2006-இல் தேர்வான உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின், கொம்யூன் மன்றத்தில் நின்று கணக்குக் கேட்க மக்கள் பிரதிநிதி இல்லாமல் போயிற்று. ஆகவே உள்ளாட்சித் துறை, சரிபார்ப்பு முடிவை ஆண்டுதோறும் மார்ச் 31-க்குள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி உத்தரவிட வேண்டும்.