கேட்ட கதைக்குக் கணக்கு வேண்டும்

1955இன் தொடக்கத்தில், டெல்லியில், ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் தம்முடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை இயக்குநர் மோகன் சேகலுக்கு முழுக்கப் படித்துக் காட்டினார். பஞ்சாபிக் குடும்பம், பக்கத்திலேயே மதராஸிக் குடும்பம்; பிள்ளைகளுக்குள் காதல், பெற்றோருக்குள் மாநிலப் பகை. 1956இல் சேகலின் 'நியூ டெல்லி' திரைக்கு வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். நாயகி நம் வைஜயந்திமாலா. தம் நாடகத்தைத்தான் படமாக்கிவிட்டார்கள் என்று ஆனந்த் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978இல் முடிந்தது. ஆனந்த் தோற்றார். கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அது எழுத்தில் விரிந்த விதத்துக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பில் நமக்குக் குறை இல்லை. மாநிலப் பகைக்கும் காதலுக்கும் ஒருவர் பட்டா வாங்கிவிட்டால் அப்புறம் யாரும் படம் எடுக்க முடியாது. ஆனால் இந்தத் தீர்ப்பைக் காட்டியே சினிமாக் கம்பெனிகள் கைகழுவுவதை ஏற்க முடியாது. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்ட கதையைச் சொன்னவருக்குத் தெரியாமல் எடுத்தாள்வது நம்பிக்கைத் துரோகம். பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்குப் பிரிவு இருக்கிறதா என்பது வேறு விவகாரம்.

கோடம்பாக்கத்தில் கதை 'சொல்லப்படுகிறது'. உதவி இயக்குநர் இரண்டு மணி நேரம், பின்னணி இசையையும் வாயாலேயே போட்டு, இடைவேளைத் திருப்பத்துக்கு எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறார். எதிரே இருப்பவர் போனைத் தள்ளிக்கொண்டே, "நல்லா இருக்கு தம்பி, சொல்லி அனுப்புறோம்" என்கிறார். வெளியே வரும்போது தம்பியின் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பேச்சாகவே காற்றில் போனதை எந்தக் கோர்ட்டில் காட்டுவது?

எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிந்து வைத்தவருக்கும் வழி எளிதாக இல்லை. 2018இல் 'சர்கார்' படம் தம்முடைய 'செங்கோல்' கதைதான் என்றார் எழுத்தாளர் வருண் ராஜேந்திரன். எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டும் ஒத்துப்போவதாகச் சொன்னார், படத்தின் இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸ் மறுத்தார். தீபாவளி ரிலீஸுக்குச் சில நாட்களே இருக்கையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. யார் பக்கம் உண்மை என்பதை நாம் தீர்ப்பதற்கில்லை. ஆனால் ரிலீஸ் தேதி கழுத்தை நெரித்தால்தான் பேச்சுவார்த்தை என்ற நிலை வெட்கக்கேடு. கடைசி நேரத்தில் யாராவது வழக்கோடு வந்து நிற்கிறார்கள் என்ற தயாரிப்பாளர்களின் புலம்பலுக்கும் வேர், கேட்ட கதைக்குக் கணக்கு இல்லாததுதான்.

பதிப்புரிமைக்கு வெளியே சட்டத்தில் வேறு கதவும் திறந்தே இருக்கிறது. 1949இல் விக்டர் டெஸ்னி, ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஒரு கதைச் சுருக்கம் சொன்னார். செயலாளர் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டார். காசு கொடுத்தால்தான் பயன்படுத்தலாம் என்று டெஸ்னி சொல்லியிருந்தார். அந்த நிபந்தனை தெரிந்தே வாங்கிப் பயன்படுத்தியிருந்தால், கரு யாருக்கும் சொத்து இல்லை என்றாலும் கொடுக்க வேண்டியது கொடுக்கத்தான் வேண்டும் என்று 1956இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றமும் 2003இல், சன்டியல் நிறுவனம் நம்பிச் சொன்ன தொடர்க் கருவை ஜீ தொலைக்காட்சி பயன்படுத்த விதிக்கப்பட்டிருந்த தடையை உறுதிசெய்தது.

ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பதிவேடு வைக்கட்டும்: யார் வந்தார், எந்தத் தேதி, என்ன ஒன்லைன், கேட்டது யார். இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். தயாரிப்பாளர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் இதை விதியாக்க வேண்டும். அதுவரை நகல் தர மறுக்கும் அலுவலகத்தில் யாரும் கதை சொல்ல உட்கார வேண்டாம்.