உங்க டாக்டர் யாரு?



நான் திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில் குடியிருப்பவள். பத்தாவது வரை படித்திருக்கிறேன். கணவர் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார், நாங்கள் இருவர் என ஐந்து பேர். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து வீடு எடுத்துத் தங்குவார்கள். அப்படி எங்கள் மாடி போர்ஷனுக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் இருமிக்கொண்டே படி இறங்கி வந்து, "உங்க குடும்ப டாக்டர் யாரு? அவர்கிட்டயே நானும் காட்டிக்கிறேன்" என்று கேட்டார். என் பெரிய மகன்தான் அதைத் தமிழில் சொன்னான்.

எனக்குப் பதிலே வரவில்லை. குழந்தைகளுக்குக் குழந்தை டாக்டர். அத்தைக்கு பி.பி. பார்க்க ஒரு டாக்டர், முட்டி வலிக்கு இன்னொருவர். எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா. இவருக்கோ மெடிக்கல் ஷாப் பையன்தான் டாக்டர்! வீட்டில் இருக்கிற ஐந்து பேரையும் தெரிந்த ஒரு டாக்டர் என்று யாரைச் சொல்வது?

அந்த அம்மா சொன்னது ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் நாட்டில் 1948-லிருந்து அரசாங்க வைத்தியம். யாராக இருந்தாலும் தன் ஏரியாவில் ஒரு பொது மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டுமாம். காய்ச்சல், தலைவலி, வயிற்று வலி எதுவானாலும் முதலில் அங்கே. அவர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் பெரிய டாக்டர். "இப்பல்லாம் எங்க ஊர்லயும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகுது" என்று அலுத்துக்கொள்ளவும் செய்தார். அக்கரை பச்சை என்று நான் எழுத வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மனசில் தைத்துவிட்டது.

அந்த அம்மா ஊருக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அத்தை பாத்ரூம் வாசலில் கிறுகிறுவென்று வந்து விழுந்துவிட்டார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. நெற்றியில் மட்டும் நான்கு தையல். ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், கையிலிருந்த சீட்டுப் பணத்தில் பாதி போயிற்று. தலையில் ஒன்றுமில்லை என்றார்கள். கிறுகிறுப்பு மட்டும் நிற்கவில்லை. மாதம் தவறாமல் கிரிவலம் போன மனுஷி, 14 கிலோமீட்டரையும் பேசிக்கொண்டே நடந்து முடிப்பவர், எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தார். "எனக்கு நாள் வந்துடுச்சு போல இருக்கும்மா" என்று ராத்திரியில் அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்களுக்குப் பால் ஊற்றும் அக்காதான் ஒரு டாக்டரைச் சொன்னார். டவுனுக்குள் ஒரு சந்தில் சின்ன கிளினிக். வயதானவர். போர்டில் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். என்பதோடு சரி. என் வீட்டுக்காரருக்கு இஷ்டமே இல்லை. "பெரிய பெரிய டாக்டரே பாத்தாச்சு, இவர் என்ன சொல்லப் போறாரு?" என்றார். நானும் அரை மனதாகத்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

அவர் முதலில் கேட்டது ஸ்கேன் ரிப்போர்ட்டை அல்ல. "வீட்ல இவங்க சாப்பிடற மாத்திரை அத்தனையும் எடுத்துட்டு வந்தியாம்மா?" நான் ஒன்றிரண்டுதான் கொண்டுபோயிருந்தேன். "போய் எல்லாத்தையும் அள்ளிட்டு வா, அவங்க இங்கேயே உக்காரட்டும்" என்று திருப்பி அனுப்பினார். பிஸ்கட் டப்பாவோடு கொண்டுவந்து மேஜையில் கொட்டினேன். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து என் பக்கம் நகர்த்தி, "படிக்கத் தெரியுமில்ல? கம்பெனி வச்ச பேரை விடு, கூடவே மருந்தோட பேரு போட்டிருக்கும், அதைப் படி" என்றார். இரண்டிலும் அம்லோடிபின் என்றே இருந்தது. கம்பெனி வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்று.

நாத்தனார் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு டாக்டர் பி.பி.க்கு எழுதிக் கொடுத்தது ஒன்று. இங்கே வந்தபின் வேறொருவர் எழுதியது இன்னொன்று. அத்தை இரண்டையும் பக்தியாக விழுங்கியிருக்கிறார். அந்த மருந்து அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்குமாம். அத்தைக்கும் வீங்கியது. வீக்கத்துக்கென்று மூன்றாவது இடத்துக்கு அழைத்துப் போனது நான்தான். அங்கே நீர் பிரிகிற மாத்திரை கொடுத்தார்கள். ஏற்கெனவே இறங்கியிருந்த பி.பி. இன்னும் இறங்கிவிட்டது. டாக்டர் அத்தையை உட்காரவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பி.பி. பார்த்தார். நின்றதும் சடாரென்று குறைந்ததை எனக்கும் காட்டினார்.

இதில் யாரைக் குறை சொல்வது? ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த வியாதிக்குச் சரியாகத்தான் எழுதினார்கள். முழு ஆளைப் பார்க்கத்தான் யாருமில்லை. முந்தின சீட்டைக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. (இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து யாரும் பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே. அத்தைக்குக்கூட அவர் படிப்படியாகத்தான் குறைத்தார், வாரா வாரம் வரச் சொல்லிப் பார்த்தார்.)

எங்கள் ஊரில் வைத்திய வசதிக்குப் பஞ்சமென்று சொல்லவே முடியாது. 1989-ல் மாவட்டத் தலைநகர், 2024-ல் மாநகராட்சி. அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆசிரமத்தில் இலவச மருந்தகம் நடக்கிறது. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சுகர், பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் இன்றைக்குப் பார்த்தவர் அடுத்த தடவை இருப்பார் என்று சொல்ல முடியாது. தனியார் கிளினிக்குகளில் எந்தப் போர்டைப் பார்த்தாலும் ஒரு உறுப்பின் பெயர். பொதுவாகப் பார்க்கிற டாக்டர்தான் அருகிப்போனார்.

இதற்கு நாமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா?" என்று உதட்டைப் பிதுக்குவது யார்? கல்யாணத்துக்கு டாக்டர் மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட "மேல என்ன படிச்சிருக்காரு?" என்றுதானே கேட்கிறார்கள். பிறகு எந்தப் பிள்ளை பொது மருத்துவராக ஒரு சந்தில் வந்து உட்காரும்? சளிக் காய்ச்சலுக்கு, "தானா சரியாயிடும், கஞ்சி குடிங்க" என்று சொன்னால் அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறோம். ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கைராசிக்காரர் என்கிறோம். வைரஸ் காய்ச்சலை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்பதே எனக்கு இந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

சென்னை வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் என்பவர் 1973-ல் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். பிறகு ஐந்து ரூபாய். 2020 ஆகஸ்ட் 15-ல் அவர் இறந்தபோது எல்லாப் பேப்பரிலும் வந்தது. எல்லோரும் அந்த ஐந்து ரூபாயையே பெரிதாகப் பேசினார்கள். எனக்கோ, ஒரே பகுதி மக்களை நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே மனிதர் பார்த்தாரே, அதுதான் பெரிதாகப் படுகிறது. பாட்டிக்கு என்ன வியாதி இருந்தது என்று பேரனுக்குச் சீட்டு எழுதும்போது அவருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?

அப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என் ஓர்ப்படி போனில் கேட்டாள். வியாதி வந்த அன்றைக்குத் தேடாதே, சும்மா இருக்கும்போது பி.பி. பார்க்கிற சாக்கில் போய்ப் பார் என்றேன். பழைய சீட்டைக் கேட்கிறாரா? தொட்டுப் பார்க்கிறாரா? தனக்குத் தெரியாததை, "இதுக்கு இன்னாரைப் போய்ப் பாருங்க" என்று எழுதிக் கொடுக்கிறாரா? சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். போலி டாக்டர் பிடிபட்டார் என்று அடிக்கடி பேப்பரில் படிக்கிறோமே. எங்கே சுலபமாகக் கிடைப்பார் என்பதும் முக்கியம். பௌர்ணமியன்று எங்கள் செங்கம் ரோட்டில் ஆட்டோ நகராது, பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் போனிலாவது பேசுகிற டாக்டர் வேண்டும்.

இப்போது வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். ஐந்து பேருக்கும் ஆளுக்கு எட்டுப் பக்கம். எந்த டாக்டரிடம் போனாலும் அது பையில் இருக்கும். அத்தைக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, கிறுகிறுப்பும் நின்றுவிட்டது. போன மாதம் கிரிவலம் போய் வந்தார். பாதியில் ஒரு டீ, அவ்வளவுதான்.

பௌர்ணமிக்கு மறுநாள் சின்னவனுக்குக் காதுவலி என்று டாக்டரிடம் போனேன். கிளினிக் பூட்டியிருந்தது. வாசலில் பத்துப் பதினைந்து பேர், யாரும் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஒரே மகள், அவளும் கண் டாக்டராகி வெளியூரில் இருக்கிறாள் என்று கேள்வி. எல்லோர் மனதிலும் ஒரே நினைப்புதான் ஓடியிருக்கும். பக்கத்து டீக்கடைக்காரர் வந்து, "பேத்திக்கு மொட்டை போடப் போயிருக்காரு, சாயந்திரம் ஆறு மணிக்கு வந்துடுவாரு" என்றார். அப்புறம்தான் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தோம்.

- ஒரு வாசகி,
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.