நடத்துநருக்குத் திரை கிடையாது

திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களிடம் டீன் டிக்சனைப் பற்றிக் கேட்போம் தோழர்களே.

1915இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பர். ஜூலியார்டில் இசை படித்தார். 1932இல், பதினேழு வயதில், ஹார்லெமிலேயே சொந்தமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா அமைத்தார். 1941இல் என்.பி.சி. சிம்பொனியையும் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கையும் நடத்தினார். அப்போது வயது 26. இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

ஆனால் அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா எதுவும் அவரை நிரந்தர நடத்துநராக ஏற்கவில்லை. விருந்தாளியாக வரலாம், அவ்வளவுதான்.

வயலின் வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, காதால் மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். பின்னாளில் பல ஆர்கெஸ்ட்ராக்கள் அப்படிச் செய்தன. நடத்துநருக்குத் திரை போட முடியாது. மேடையில் அவர் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. ஏறக்குறைய நூறு பேர் அவர் கையசைவைப் பார்த்து வாசிக்க வேண்டும். கறுப்பர் பாடினால் கைதட்டுவார்கள். கறுப்பர் கைக்கு வெள்ளையர் கட்டுப்படுவதா? பறையடிக்க நம்மைக் கூப்பிடும் ஊர், ஊராட்சித் தலைவராக வென்றாலும் நாற்காலி தர மறுக்கிறதே, அதே கணக்குதான்.

1949இல் டிக்சன் ஐரோப்பா போனார். ஸ்வீடனின் கோதன்பர்க்கிலும், பிறகு 1961 முதல் 1974 வரை ஃபிராங்க்ஃபர்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவிலும் தலைமை நடத்துநராக இருந்தார். 1970இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கை நடத்தச் சொந்த ஊர் திரும்பினார். அப்போதும் விருந்தாளியாகத்தான்.