தலை சீவ முடிகிறதா?

தலை சீவுவதை வைத்து ஒரு நோயை அளக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பு நான் சிரித்திருப்பேன். என் சாச்சிக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற அரிய நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

உயிரியல் படிக்கும் தோழியருக்கு இது எளிதில் விளங்கும். நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்வது அசற்றைல்கோலீன். அதை ஏற்கும் வாங்கிகளை, பெரும்பாலானோரில், உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகளே தாக்குகின்றன. வேலை செய்யச் செய்யத் தசை சோர்கிறது, ஓய்வெடுத்தால் மீள்கிறது. நன்றாகத் தூங்கி, குளிசையும் போட்டுக்கொண்டு காலையில் கிளினிக் போன சாச்சியிடம், "பார்க்க நல்லாத்தானே இருக்கிறீங்க" என்றார்கள். அன்று மாலை அவரால் இமையைத் தூக்க முடியவில்லை.

இந்த நோயின் கடுமையை அளக்க, வைத்தியர் முன் செய்யும் 13 அங்கச் சோதனை ஒன்று உண்டு. கையை நீட்டி 240 செக்கன் வைத்திருக்க வேண்டும். 1 முதல் 50 வரை உரத்து எண்ண வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் அது காட்டுவது அந்த நேரத்து உடலை மட்டுமே.

1999இல் வெளியான மற்றொரு அளவுகோல் நோயாளியிடமே கேட்கிறது. பேச்சு, மெல்லுதல், விழுங்குதல், மூச்சு, பல் துலக்குவது அல்லது தலை சீவுவது, கதிரையிலிருந்து எழுவது, இரட்டைப் பார்வை, இமை தொங்குதல் என எட்டே விடயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24. புள்ளி கூடினால் நோய் கூடுகிறது. இயந்திரம் எதுவும் தேவையில்லை. என் வாக்கு இதற்கே.

ஆனாலும் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது ஆபத்து. இமை எப்போதும் தொங்கி, பார்வையும் எப்போதும் இரட்டையாகத் தெரிந்தால் 6. குழாய் வழியே உணவு என்றால் மெல்லுதலுக்கு 3, விழுங்குதலுக்கு 3, அதுவும் அதே 6! இரண்டாமவரின் நிலை மிகவும் ஆபத்தானது.

இன்னொன்று, பெற்றோரே, நம் வீட்டுப் பழக்கம் பற்றியது. சுகம் விசாரித்தால் "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை" என்றுதான் நம் பெண்கள் சொல்வார்கள். அந்தப் பதில் படிவத்தில் 0 என்று விழுந்துவிடுகிறது. மருந்தின் அளவை அந்தப் படிவத்தைப் பார்த்தும்தான் தீர்மானிக்கிறார்கள். எனவே உடன் போகிறவர் வாய் திறக்க வேண்டும். நேரத்தைக் குறித்து எழுதிக்கொண்டும் போக வேண்டும்.

நான் ஒரு கொப்பியில் எழுதுகிறேன். நேற்று மஃரிபுக்குப் பின் மெல்லுதலுக்கு 2 போட்டேன். மென்மையான உணவுக்கே களைத்தால்தான் 2. கெட்டியான உணவுக்கு மட்டும் என்றால் 1. சாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஒண்டு போடு மகள். சோறு திண்ண ஏலும். இறைச்சி மெல்லத்தான் களைக்கிது."

அழித்துவிட்டு 1 எழுதினேன்.