"எம்புள்ள ஒன்னுமே சாப்பிட மாட்டேங்குது டீச்சர்"

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுதாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு வருடமும் மேலே உள்ள வசனத்தைக் கேட்கிறோம். பிள்ளையின் பையைத் திறந்தால் ஒரு கிரீம் பிஸ்கட் பக்கெட்டும், போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணியும் இருக்கும். பிள்ளை சாப்பிடத்தான் செய்கிறது. இரண்டு வயதிலிருந்து நாங்கள் பழக்கியதைச் சாப்பிடுகிறது.

2016இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு 17 பேர். தோட்டங்களில் மட்டும் பார்த்தால் 32 பேர். கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்கும் நுவரெலியா மாவட்டத்திலும் அதே 32தான்.

"தோட்டத்துப் புள்ளைங்க கட்டையாத்தான் இருப்பாங்க, பரம்பரை அப்படி" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 2006-07 கணக்கெடுப்பில் தோட்டங்களில் இது 40. பத்து வருடத்தில் 32க்கு இறங்கியது. பரம்பரை பத்து வருடத்தில் மாறுமா? மாறியது பிள்ளைகளுக்குக் கிடைத்த சாப்பாடும் கவனிப்பும்தான். அப்படியென்றால் இன்னும் மாற்றலாம்.

ஒரு வயது தாண்டினால் பிள்ளை வளரும் வேகம் குறையும், பசியும் குறையும். அது நோயில்லை. நாங்கள்தான் பயந்துபோய் "எதையாவது தின்னட்டும்" என்று பிஸ்கட்டை நீட்டுகிறோம். அந்தச் சின்ன வயிறு பத்து மணிக்கே நிரம்பிவிட்டால் பன்னிரண்டு மணிக்குச் சோறு எப்படி இறங்கும்? சாப்பாட்டோடு கொடுக்கும் சாயத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் நாங்கள் எங்கள் பிள்ளைகளின் இரத்தத்தைத் தேத்தண்ணியால் வெளிறச் செய்கிறோம்.

இதற்காக அம்மாவைத் திட்ட வராதீர்கள். விடிய எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர் அவர். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது நாங்கள் எல்லோரும்தான். டவுனில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் பிள்ளையின் கண்ணுக்கு நேரே பக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிடுகிறோம். ஆசிரியர்களான நாங்கள் சரியாகப் பதில் சொன்னால் டொபி கொடுக்கிறோம். தோட்ட நிர்வாகம் பிள்ளைக்காம்பராச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் படம் எடுக்கிறது. பகலுக்கு அங்கே பிள்ளையின் தட்டில் என்ன விழுகிறது என்று போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்?

நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் பாருங்கள். வீட்டில் கரட்டைத் துப்புகிற மூன்று வயதுப் பிள்ளை, வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும். அதில் கரட்டும் இருக்கிறது, இறைச்சியும் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் கெஞ்சவில்லை, போன் காட்டவில்லை, வாயைப் பிடித்துத் திணிக்கவில்லை. எல்லோரும் அதையே குடிக்கிறார்கள், பிள்ளையும் குடிக்கிறது. கோவிலில் அன்னதானப் பந்தியிலும் இதே கதைதான்.

வீட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பதை நாங்கள் முடிவு செய்வோம். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு நாள் கீரையைத் துப்பினால் "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்தாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை ருசி பார்த்த பிறகுதான் சில பிள்ளைகளுக்கு ஒன்று பிடிபடும். ரொட்டி மாவில் துருவிய கரட்டைப் போடுங்கள். பருப்போடு முருங்கைக்கீரை, சோற்றோடு பொடித்த நெத்தலி, முடிந்த நாளில் முட்டை. கிளினிக்கில் பிள்ளைக்குத் தரும் திரிபோஷா பிள்ளைக்கே போகட்டும். பெரியவர்கள் கை வைக்காதீர்கள்.

கடைக்கார நானாமார்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னால் தொங்கும் அந்தச் சரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அந்த இடத்தில் அவித்த கடலையும் வாழைப்பழமும் வையுங்கள். நாங்களும் வகுப்பில் டொபியை நிறுத்துகிறோம்.

பிள்ளை உயராமல் போனால் அது கிளினிக் கொப்பியில் மட்டும் நிற்காது. ஐந்து வருடம் கழித்து எங்கள் வகுப்பில், முதல் பாடத்திலேயே தலையை மேசையில் சாய்த்துவிடும். அந்தப் பிள்ளையைச் "சோம்பேறி" என்று திட்டப்போவதும் நாங்கள்தான்.